பழைய டிஜிட்டல் கேமரா புதிய மெமரி கார்டை ஏன் ஏற்பதில்லை?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வீட்டில் அப்பச்சியின் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) மணிவிழா. 2005-ல் அவர்கள் வாங்கிய டிஜிட்டல் கேமராவைக் கொண்டே சில படங்கள் எடுக்க ஆசைப்பட்டு, புதிதாக 64 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். ‘கார்டு பிழை’ என்று திரையில் வருகிறது. அதே கார்டு மடிக்கணினியில் நன்றாக வேலை செய்கிறது. பழுது கார்டிலா, கேமராவிலா? எந்தக் கருவிக்கு எந்தக் கார்டு பொருந்தும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

இரண்டிலும் பழுதில்லை. உங்கள் கேமரா விற்பனைக்கு வந்த ஆண்டில், நீங்கள் வாங்கியிருக்கும் வகைக் கார்டு உலகத்திலேயே இல்லை, காரணம் அவ்வளவுதான். காரைக்குடியில் நான் ஸ்டுடியோ நடத்துகிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர்கள் எல்லாம் திரும்பி வந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறக்கும் கல்யாண மாதங்களில், இதே கேள்வியோடு வாரத்திற்கு ஒருவராவது வந்துவிடுகிறார். தெரியாமல் செய்யும் ஒரு சிறிய செயலால் படங்கள் அழிந்துபோவதைப் பல முறை பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குழப்பத்திற்கு மூல காரணம் கார்டின் உருவம். எஸ்டி கார்டு 1999-ல் அறிவிக்கப்பட்டபோது 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் கனம் என்று வகுத்தார்கள். இன்றைக்கும் அதே அளவுதான். ஆனால் அந்த ஓட்டுக்குள் இருக்கும் ஏற்பாடு மூன்று முறை மாறிவிட்டது. முதலில் வந்தவை வெறும் ‘எஸ்டி’ என்று அச்சிடப்பட்டவை. அவற்றின் உச்ச வரம்பு 2 ஜிபி. 2006-ல் எஸ்டிஎச்சி (SDHC) வந்தது; அது 32 ஜிபி வரை. 2009-ல் எஸ்டிஎக்ஸ்சி (SDXC) வந்தது. அது 2 டிபி வரை (ஒரு டிபி என்பது சுமார் 1,000 ஜிபி). 2018-ல் எஸ்டியுசி அறிவிக்கப்பட்டது. அது 128 டிபி வரை. ஆகவே கார்டு வாங்கும்போது அது துவாரத்துக்குள் நுழைகிறதா என்று பார்ப்பதைவிட, அதன் மேல் எஸ்டி என்ற குறிக்கு அடுத்து என்ன எழுத்துகள் இருக்கின்றன என்று பார்ப்பதே முக்கியம். உங்கள் 64 ஜிபி கார்டில் எக்ஸ்சி என்ற எழுத்துகள் இருக்கும்; உங்கள் கேமராவின் மூடிக்கு அருகில் வெறும் எஸ்டி என்றுதான் இருக்கும்.

பழைய கேமரா ஏன் 64 ஜிபியில் ஒரு 2 ஜிபியை மட்டுமாவது பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் லேவாதேவிக் கணக்கெழுதிய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. அதைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். முதல் தலைமுறை எஸ்டி கார்டில், ‘இத்தனையாவது எழுத்திலிருந்து படி’ என்று ஒவ்வொரு பைட்டையும் எண்ணித்தான் கேமரா இடம் சொல்கிறது. அந்த எண்ணை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்கள். அதில் அடங்கக்கூடிய எண்ணிக்கை சுமார் 429 கோடி, அதாவது 4 ஜிபி. அந்த வகைக்கு வகுத்த வரம்பு 2 ஜிபிதான் என்றாலும், 4 ஜிபிக்கு மேல் எண்ண வழியே இல்லை. எஸ்டிஎச்சியை வகுத்தவர்கள் அந்த 32 பிட்டை மாற்றாமல், எண்ணின் பொருளை மாற்றினார்கள். இனி அந்த எண் ஓர் எழுத்தைக் குறிக்காது, 512 பைட் கொண்ட ஒரு பக்கத்தைக் குறிக்கும் என்று வைத்தார்கள். அதே 429 கோடியை 512-ஆல் பெருக்கினால் 2 டிபி வந்துவிடுகிறது. ஆனால் எழுத்தை எண்ணிப் பழகிய கணக்குப்பிள்ளையிடம் பக்கம் போட்ட பேரேட்டைக் கொடுத்தால், அவர் சரியாக எழுதுவதாக நினைத்துக்கொண்டே தவறான பக்கங்களில் எழுதி முழுக் கணக்கையும் பாழாக்கிவிடுவார்.

அப்படி நேராமல் இருக்க ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்தவுடன் கேமராவும் கார்டும் தங்களுக்குள் சில செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதில், ‘எனக்குப் பெரிய கொள்ளளவு புரியும்’ என்று கேமரா தெரிவித்தால்தான் எஸ்டிஎச்சி கார்டும் எஸ்டிஎக்ஸ்சி கார்டும் ‘நான் தயார்’ என்று பதில் சொல்லும். 2005-ஆம் ஆண்டுக் கேமராவுக்கு அந்த வாக்கியமே தெரியாது. அது கேட்கவில்லை, ஆகவே கார்டு பதில் சொல்லவில்லை, சிறிது நேரம் காத்திருந்துவிட்டுக் கேமரா பிழை என்று காட்டுகிறது. உங்கள் திரையில் வந்தது இதுதான். கார்டை எத்தனை முறை துடைத்துப் போட்டாலும், கணினியில் எந்த விதமாக ஃபார்மட் செய்தாலும் (உள்ளதை அழித்துப் புதிதாக அமைத்தாலும்) இது மாறாது.

ஆனால் 2007-லிருந்து 2010 வரை வந்த பல கேமராக்களின் நிலை வேறு. அவற்றுக்குப் பக்கக் கணக்கு தெரியும். எஸ்டிஎச்சிக்கும் எஸ்டிஎக்ஸ்சிக்கும் இடையே இடம் சொல்லும் முறையில் வேறுபாடு இல்லை. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில்தான் வேறுபாடு. எஸ்டிஎச்சியில் ஃபேட்32 என்ற முறை, எஸ்டிஎக்ஸ்சியில் எக்ஸ்ஃபேட் என்ற முறை. ஆகவே அத்தகைய கேமரா 64 ஜிபி கார்டைப் போட்டால் அதை அடையாளம் கண்டுவிடும், ஆனால் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல், ‘இந்தக் கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்று கேட்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளும் இதற்கென்று 2009-ல் வந்த புதுப்பிப்பைப் போடாவிட்டால் இப்படித்தான் கேட்கும். காலிக் கார்டாக இருந்தால் பாதகமில்லை. படம் நிறைந்த கார்டாக இருந்தால், அந்தக் கேள்விக்குச் சரி என்று மட்டும் ஒருபோதும் அழுத்தாதீர்கள். படங்கள் கெடவில்லை, அந்தக் கருவிக்குத்தான் அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. வேறு கருவியில் போட்டால் அப்படியே இருக்கும். தவறிப்போய் அழுத்திவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பெரும்பாலும் பொருளடக்கப் பக்கம் மட்டுமே கிழிந்திருக்கும், உள்பக்கங்கள் இருக்கும். அதன்பின் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் தனியே வைத்துவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு கணினியில் மீட்கலாம். அதன் மேல் புதுப் படம் எழுதிவிட்டால்தான் பழையது நிரந்தரமாகப் போகிறது.

கார்டின் மேலுள்ள வகை எழுத்து பொருந்தியும் வேகம் பொருந்தாமல் போவது உண்டு. இது எனக்கே நேர்ந்தது, இன்றைக்கும் மனம் வருந்துகிறது. 2011-ல் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில் நின்று, தாலி பூட்டும் திருப்பூட்டுச் சடங்கை வீடியோவாகப் பதிந்துகொண்டிருந்தேன். மேலே திறந்த வானத்திலிருந்து வெயில் விழுந்து, ஆத்தங்குடிக் கற்களின் பூவேலையும் கூட்டத்தின் பட்டுகளும் பளபளத்துக்கொண்டிருந்தன. கழுத்துரு என்னும் தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், திரையின் வலது ஓரத்தில் சிறு சிறு கட்டங்களாக ஒரு அளவுகோல் தோன்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலேறியது. ஐந்தாவது கட்டம் நிறைந்தவுடன் பதிவு தானாக நின்றது. மறுபடி அழுத்தித் தொடங்குவதற்குள் குலவைச் சத்தம் கேட்டுவிட்டது. அந்தக் கேமரா முழு எச்டி வீடியோவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 330 எம்பி எழுதும். அதாவது நொடிக்கு 5.5 எம்பி. நான் போட்டிருந்ததோ கிளாஸ் 4 கார்டு. அந்த எண்ணுக்குப் பொருள், நொடிக்கு 4 எம்பி எழுத மட்டுமே அது உறுதி தருகிறது என்பதுதான். மீதி கேமராவின் தற்காலிக நினைவகத்தில் தேங்கித் தேங்கி, இடம் இல்லாமல் நின்றுவிட்டது. கார்டில் ஒரு வட்டத்துக்குள் இருக்கும் 10, யு என்ற எழுத்துக்குள் இருக்கும் 1 அல்லது 3, வி என்பதற்கு அடுத்து வரும் 30, 60, 90 ஆகியவை எல்லாம் இந்த உறுதியைச் சொல்பவையே: கிளாஸ் 10-உம் யு1-உம் நொடிக்கு 10 எம்பி, யு3-உம் வி30-உம் நொடிக்கு 30 எம்பி. அட்டையில் பெரிதாக அச்சிடும் 100, 170 போன்ற எண்கள் படிக்கும் வேகம். வீடியோ எடுப்பவர் அதைப் பார்த்து வாங்கக் கூடாது. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது என்பதால், அந்தக் கேமராக்களில் சுமார் 12 நிமிடத்திற்கு ஒரு முறை பதிவு நிற்பதும் உண்டு. அது கார்டின் குற்றமன்று.

கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் மைக்ரோ எஸ்டி. 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர். அதை எஸ்டி அளவு அடாப்டரில் செருகிக் கேமராவில் போடலாம். அடாப்டருக்குள் வெறும் கம்பித் தடங்கள்தான் இருக்கின்றன, ஆகவே உள்ளே இருக்கும் கார்டின் வகை எதுவோ அதுவே பொருந்தும். அடாப்டரின் இடப்பக்கத்தில் இருக்கும் சிறு பூட்டு நெம்பி தளர்ந்து கீழே நழுவினால் கேமரா ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று சொல்லும். அந்த நெம்பி கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை, அதன் இருப்பைத் துவாரம் உணர்கிறது, அவ்வளவுதான். செல்போனின் விவரத்தில் ‘128 ஜிபி வரை’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிறுவனம் அப்போது சோதித்துப் பார்த்த அளவு. கருவி எஸ்டிஎக்ஸ்சி வகையை ஏற்குமானால் 256 ஜிபியும் பொதுவாக வேலை செய்யும். ‘32 ஜிபி வரை’ என்றால் அது வகையின் எல்லை, அதை மீறாமல் இருப்பது நல்லது. விளையாட்டுக் கருவிகளைத் தனியே பார்க்க வேண்டும். சோனியின் பழைய பிஎஸ்பிக்கு மெமரி ஸ்டிக் புரோ டூயோ என்ற வேறு வகைக் கார்டு வேண்டும். 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகையில் மட்டுமே விளையாட்டுகளைச் சேமிக்கலாம். பார்க்க அதே உருவத்தில் இருக்கும் சாதாரண மைக்ரோ எஸ்டி அதற்கு உதவாது. உருவத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் புதிய உதாரணம் இல்லை.

எஸ்டி எல்லாவற்றையும் வெல்லும் முன் வேறு பல கார்டுகளும் புழங்கின. போன ஆண்டு தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேமரா ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார்கள். “கேமரா போனாப் போகுது தம்பி, இதுக்குள்ள எங்க ஐயாவோட பீமரத சாந்திப் படம் இருக்கு, அது வேணும்” என்றார்கள். பேட்டரி வீங்கிப்போயிருந்தது. மூடியைத் திறந்தால் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு பக்கம் லேசாக வளைந்த 256 எம்பி எக்ஸ்டி பிக்சர் கார்டு. ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து 2002-ல் கொண்டுவந்த வகை அது. 2 ஜிபியோடு நின்றுபோனது. இன்றைய பெரும்பாலான கார்டு ரீடர்களில் அதற்குத் துவாரமே கிடையாது. பல துவாரங்கள் கொண்ட பழைய ரீடர் ஒன்றை நான் இதற்காகவே தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். அதில் செருகியவுடன் 90-க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. உங்கள் வீட்டிலும் ஸ்மார்ட் மீடியா, காம்பாக்ட் ஃப்ளாஷ், மெமரி ஸ்டிக் என்று எது கிடந்தாலும், ரீடர் கிடைக்கும் காலத்திலேயே படங்களை எடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள். இவ்வகைக் கார்டு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் படத்தைக் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசிந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எச்சி (HC), எக்ஸ்சி (XC) என்று எந்த எழுத்தும் இல்லாத 2 ஜிபி எஸ்டி கார்டு ஒன்றைத் தேடுங்கள். மைக்ரோ எஸ்டியில் கிடைத்தால் அடாப்டரோடு போடுங்கள். 2 ஜிபி கார்டுகள் சற்று வேறான உள்ளளவைப் பயன்படுத்துவதால் மிகப் பழைய சில கேமராக்கள் அதையும் மறுக்கும். அப்படியானால் 1 ஜிபி பெரும்பாலும் பொருந்தும். கடையில் புதிது கிடைப்பது அரிது, ஆனால் பழைய செல்போன்களோடு வந்த கார்டுகள் பல வீடுகளின் மேசை அறைகளில் கிடக்கின்றன, உறவினர்களிடம் முதலில் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் போலி வருகிறது. கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும்படி திருத்திய அத்தகைய கார்டில், உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுக்கும் படங்கள் எங்கும் பதிவாவதில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்; விழாவுக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். பிறகு கணினியில் அன்றி, அப்பச்சியின் கேமராவிலேயே ஒரு முறை ஃபார்மட் செய்யுங்கள். அந்தக் காலத்து 5 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 2.5 எம்பி பிடிக்கும், ஆகவே 2 ஜிபியில் ஏறத்தாழ 800 படங்கள் அடங்கும். வாங்கிய 64 ஜிபி கார்டை மடிக்கணினிக்கே வைத்துக்கொண்டு, விழா முடிந்த இரவே படங்களை அதற்கும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பேட்டரி இருபது ஆண்டுப் பழையது என்பதால், கார்டு கிடைத்தவுடன் ஒரு நாள் முழுக்கக் கேமராவை இயக்கிப் பார்த்து, தாங்காவிட்டால் அதையும் இப்போதே தேடத் தொடங்குங்கள்.