தனியாகப் பறக்கும் நாட்களிலேயே ஐ.எஃப்.ஆர். பயிற்சிக்குத் தயாராவது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி ஹட்டன் பக்கத்துக்காரர். தனியார் விமானி உரிமம் எடுத்தாயிற்று, இப்போது ரத்மலானையில் மணித்தியாலம் சேர்க்கத் தனியாகப் பறக்கிறார். ஐ.எஃப்.ஆர்., அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சிக்குக் காசு சேரும்வரை இந்தப் பறப்புகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்கிறார். நானும் மஸ்கெலியாக்காரன், இதே வழியில் போனவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும்போது ஹூட் (வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கும் பயிற்சி மறைப்பு) போடவே கூடாது. பக்கத்து ஆசனத்தில் வெளியே பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ள சேஃப்டி பைலட் இருந்தால்தான் அது. ‘சின்ன மேகம்தானே, எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்’ என்ற ஆசையும் வேண்டாம். நம் ஊர் மேகத்துக்குள் மலை இருக்கும். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைப் பக்கம் மூடியிருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஐ.எஃப்.ஆர். பயிற்சியில் நிறையப் பேர் திணறுவதற்குக் காரணம், விமானத்தை உயரத்திலும் திசையிலும் பிடித்து வைப்பதிலேயே மூளை முழுக்கச் செலவாகிவிடுவது. ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்பதே மண்டையில் ஏறாது. அந்தப் பிடித்து வைக்கும் வேலையைக் கை தானாகச் செய்யுமளவுக்கு இப்போதே பழக்கிவிட்டால் பாதிக் காசு மிச்சம் என்பேன்.

3,500 அடி என்றால் 3,500தான். 3,560 வந்தால் ‘பரவாயில்லை’ என்று விடாமல் உடனே திருத்துங்கள். ஐ.எஃப்.ஆர். பரீட்சையில் 100 அடிதான் எல்லை. இப்போதே 50க்குள் நில்லுங்கள். ட்ரிம் (கை அழுத்தாமலே விமானம் அதே நிலையில் நிற்கச் செய்யும் அமைப்பு) சரியா என்று பார்க்க, கட்டுப்பாட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்து இரண்டு விரலை மட்டும் அருகில் வைத்திருங்கள். மூக்கு ஏறினாலோ இறங்கினாலோ ட்ரிம் இன்னும் முடியவில்லை. கண் வெளியேதான் இருக்க வேண்டும்; கருவிக்கு ஓரிரு விநாடி, மறுபடி வெளியே.

காற்று அடங்கிய ஒரு காலையில் உங்கள் செஸ்னாவின் எண்களை எழுதி எடுங்கள். சமமட்டத்தில் 90 நொட் போக எத்தனை ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்)? அதே வேகத்தில் நிமிடத்துக்கு 500 அடி இறங்க எத்தனை? ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) 10 பாகை இறக்கினால்? ஒவ்வொரு விமானத்துக்கும் இது கொஞ்சம் மாறும், ஆகவே என் எண்களைத் தந்து பிரயோசனமில்லை. 3 பாகை சரிவில் இறங்க, தரைவேகத்தை 5ஆல் பெருக்குங்கள்: 90 நொட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி. திரும்புவது விநாடிக்கு 3 பாகை, அதாவது முழு வட்டத்துக்கு 2 நிமிடம். 90 நொட்டில் அதற்குச் சுமார் 14 பாகை சாய்வு போதும். கடிகாரத்தை வைத்துச் சரிபாருங்கள்.

ஒரு வேடிக்கை. காந்தத் திசைகாட்டி வடக்குப் பக்கம் திரும்பும்போது பின்தங்கும், தெற்குப் பக்கம் முந்தும் என்று புத்தகம் சொல்லும். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) இலங்கைக்கு அருகிலேயே போவதால் இங்கே அதை அநேகமாகப் பார்க்கவே முடியாது. பரீட்சைக்குப் படித்தே ஆக வேண்டும். அவுஸ்திரேலியாவில் பயிற்சி எடுக்கப் போனால் அது தலைகீழாக வேறு நடக்கும்.

அடுத்தது ‘இப்போது எங்கே இருக்கிறேன்’ என்பது. கட்டுநாயக்க வி.ஓ.ஆர்./டி.எம்.இ.யைப் (திசையும் தூரமும் காட்டும் ரேடியோ நிலையம்) போட்டு, எந்த ரேடியலில் (அங்கிருந்து எந்தத் திசையில்), எத்தனை மைலில் இருக்கிறீர்கள் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வெளியே பார்த்துச் சரிபாருங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தப்பவே தப்பாத அடையாளங்கள். இடத்தைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1974 டிசம்பர் 4 அன்று ஹஜ் பயணிகளோடு சுரபாயாவிலிருந்து வந்த மார்ட்டின்எயார் டி.சி.-8, நம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமானநிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது விசாரணை. அனுபவமுள்ள விமானிகள், நான்கு எஞ்சின் விமானம். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் அந்த இரவைப் பற்றி இன்றும் கதைப்பார்கள்.

அதனால் எந்தப் பறப்புக்கும் முன்னால், அந்த வழிக்கான மிகக் குறைந்த பாதுகாப்பு உயரத்தை நீபோர்டில் (தொடையில் கட்டும் எழுதுபலகை) எழுதுங்கள். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 8,281 அடி. மலைப்பகுதிக்கு அதன்மேல் 2,000 அடி சேர்த்தால் 10,000ஐத் தாண்டிவிடும். உங்கள் செஸ்னா 172 அந்த உயரத்துக்கு எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதை வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி இந்த ஐ.எஃப்.ஆர். தகுதிக்கு, பொறுப்பு விமானியாக 50 மணித்தியாலம் குறுக்குநாட்டுப் பறப்பு வேண்டும். ரத்மலானையில் ஓடுபாதையைச் சுற்றிச் சர்க்கிட் அடித்தால் அதில் ஒன்றும் சேராது. கொக்கல, சிகிரியா, மட்டக்களப்பு என்று வெளியே போங்கள். சில இடங்கள் விமானப்படைத் தளங்கள் என்பதால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் கேட்டால் நடைமுறையைச் சொல்வார்கள்.