வாசகர் கேள்வி பதில்: எடிட்டிங் எங்கே பழகுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று என் தொழிலைப் பற்றியவை. கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் வேலை பழகி, இப்போது ஆரையம்பதியில் சிறியதொரு எடிட் அறை வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

"அக்கா, உயர்தரம் எழுதிவிட்டு ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். சினிமா, தொலைக்காட்சி எடிட்டராக வரவேண்டும். இந்தியாவுக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா?" – ர., களுவாஞ்சிகுடி

தம்பி, படிக்கும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே கட்புலக் கலையும் தொழினுட்பக் கலையும் சேர்ந்த துறை ஒன்று உண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத்தான் அனுமதி. எடிட்டிங் மட்டும் படிக்கும் பட்டம் அல்ல அது. கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. படத்தொகுப்புக்கென்றே தனிப்படிப்பு வேண்டுமானால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள திரைப்பட நிறுவனத்தில் உண்டு. புனேயில் 1960இல் தொடங்கிய இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் (FTII) படத்தொகுப்புக்கு மூன்று வருடப் படிப்பு, ஆனால் அதற்குக் கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கல்யாண வீடியோவில் உங்களுக்கு மெஷின் பழகிவிட்டது. அங்கே பழகக் கிடைக்காதது வேறு. முழுக்கப் பாட்டு ஓடுவதால், ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எந்த வெட்டும் தப்பித்துவிடும். பாட்டை எடுத்துவிட்டால் அடுத்தது யாருடைய முகம், எவ்வளவு நேரம், ஏன் என்று ஒவ்வொரு இடத்திலும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எடிட்டிங் என்பது அந்தத் தீர்மானம்தான்.

அதைப் பழக நம்மிடம் அருமையான பொருள் இருக்கிறது, கூத்து. உங்கள் பக்கத்தில் வடமோடியோ தென்மோடியோ அரங்கேறும்போது, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் அனுமதி கேட்டு, நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு போனில் பிடியுங்கள். ஒரு போன் அகலமாக, இடைவிடாமல் ஓடட்டும். அதன் ஒலிதான் உங்கள் அடித்தளம். தொடங்கும்போது இரண்டு கமராவுக்கும் தெரிய ஒருமுறை கைதட்டினால் பிறகு சேர்ப்பது சுலபம்.

விடிய விடிய நடந்த கூத்திலிருந்து பத்து நிமிடம் எடுங்கள். எடிட் செய்ய உட்கார்ந்தவுடனே பிரச்சினைகள் வரும். கூத்தாடும் களரி வட்டமானது, சனம் நாலு பக்கமும் இருக்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று பிடித்திருந்தால் ஒன்றில் இடமிருந்து வலம் போகும் ஆட்டக்காரர் அடுத்ததில் வலமிருந்து இடம் போவார். பார்க்கிறவருக்குத் திசை குழம்பும். நடுவில் ஓர் அகலக் காட்சியோ, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முகமோ வைத்தால் குழப்பம் தீரும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது முகத்துக்குப் போகாதீர்கள். சலங்கை கட்டிய கால் ஆடும்போது அந்தக் காலை மறைப்பது கூத்துக்குச் செய்யும் அநியாயம். தாளம் தீரும் இடத்தைக் காதால் பிடியுங்கள், அங்கே வெட்டினால் வெட்டே தெரியாது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சனத்துக்குள் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆச்சியின் முகத்தை எடுத்து, அபிமன்யு சாய்கிற இடத்துக்குப் பின்னால் வையுங்கள். ஆச்சி துக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். அதே முகத்தைக் கட்டியகாரன் வந்துபோகும் இடத்தில் வைத்தால் அவர் உள்ளுக்குள் ரசிப்பதாகத் தோன்றும். ரஷ்யாவில் குலெஷொவ் என்ற இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பு ஒரு நடிகரின் முகத்தை வைத்து இதைத்தான் காட்டினார். பயிற்சிக்கு இது நல்லது. ஆனால் ஊருக்குக் காட்டும் பிரதியில் அந்த முகம் உண்மையில் எந்தக் கட்டத்தில் பிடித்ததோ அந்தக் கட்டத்திலேயே இருக்கட்டும். செய்தி அறையில் எனக்குப் பிடிவாதமாகச் சொல்லித்தந்த விடயம் இது, நானும் அதே பிடிவாதத்தோடு உங்களுக்குச் சொல்கிறேன்.

முடித்ததும் முதலில் அண்ணாவியாரிடம் போட்டுக் காட்டுங்கள். தாளம் எங்கே உடைந்தது என்று அவருக்கு உடனே தெரியும். உங்களுக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

"என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம்தான். 4கே வீடியோ போட்டால் நின்று நின்று ஓடுகிறது. போனில் எடுத்த பேட்டியில் வாயும் குரலும் பொருந்துவதும் இல்லை. புதிது வாங்க வேண்டுமா?" – அ., அக்கரைப்பற்று

வாங்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ப்ராக்ஸி வசதி உண்டு. பெரிய கோப்புக்குப் பதிலாகச் சின்னப் பிரதியில் வேலை செய்துவிட்டு, கடைசியில் மூலக் கோப்பிலிருந்து ஏற்றுமதி செய்யலாம். அதுவும் பாரமாக இருந்தால் கேடென்லைவ் முயலுங்கள், அதுவும் இலவசம். ரிசால்வ் நிறுவனம் பாடப் புத்தகங்களையும் பயிற்சிக் காட்சிகளையும் தன் தளத்தில் பணம் வாங்காமல் தருகிறது. திருட்டுப் பிரதிகளைத் தொடவே வேண்டாம்.

குரல் விலகுவதற்குக் காரணம், பல போன்கள் வினாடிக்கு ஒரே அளவு ஃப்ரேம் எடுப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிடிக்கும்போதே வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைப்பது இன்னும் நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் துடிப்பதும் குறையும். அப்புறம், தலைப்பெழுத்தைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காமல் யுனிகோடில் அடியுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது எழுத்து சிதறாது.

"மகள் எடிட்டிங் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். இரவு வேலை, பெண்பிள்ளைக்குச் சரிவருமா என்று பயமாக இருக்கிறது." – ஒரு தகப்பன், செங்கலடி

ஐயா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் இதையே கேட்டவர். 1963இல் வந்த 'கம்பெரலிய' என்ற சிங்களப் படத்தைத் தொகுத்தவர் சுமித்ரா பீரிஸ் என்ற பெண், பின்னர் இயக்குநராகவும் ஆனவர். இந்தியாவில் ரேணு சலூஜா படத்தொகுப்புக்கு நான்கு தேசிய விருது வாங்கினார். அமெரிக்காவில் தெல்மா ஸ்கூன்மேக்கர் மூன்று ஒஸ்கார் வாங்கினார். இது பெண்களுக்குப் புதிய தொழில் அல்ல.

இரவு வேலை உண்டு, அதை மறைக்கமாட்டேன். செய்தி என்றால் முறை வேலை, படம் என்றால் வெளியீட்டுக்கு முந்திய வாரங்கள் நீளும். ஆகவே மகள் வேலைக்குச் சேரும் இடத்துக்கு நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, இரவில் வீட்டுக்கு வாகனம் விடுவார்களா, பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தையும் நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். "முதலில் இலவசமாகச் செய்து காட்டட்டும், பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் இழுக்கும் இடத்தில் விடவேண்டாம். மகளை என் அறைக்கு ஒருநாள் கூட்டிவந்தாலும் சந்தோஷம். அவள் என் பக்கத்தில் இருந்து வேலையைப் பார்க்கட்டும், நீங்களும் இருங்கள்.