திருவிழாப் பணம் உங்கள் கணவர் கணக்கில் ஏன் இருக்கிறது?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கையில் வருவது 46,000 ரூபாய். நான் தனியார் பள்ளி ஆசிரியை, 17,000. மகன் ஒன்பதாம் வகுப்பு. மகளுக்கு ஆறு வயது, ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். தை மாதம் எருது விடும் விழாக் குழுவில் கணவர் நின்றார். மாசியில் பள்ளி ஆண்டுவிழா. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர் என்பதால் அந்த வேலை முழுவதும் என் தலையில். அதன்பின் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம். கணவர்தான் பொருளாளர், வசூல் எல்லாம் அவருடைய செல்போன் எண்ணுக்கே வந்தது. நடுவில் என் மகளிர் குழுக் கூட்டங்கள், மகனின் கபடிப் போட்டிகள், 23 விசேஷ வீடுகள். வீடு நிறைய ஆட்கள், வாசல் நிறையச் செருப்பு. எங்களுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் மாதக் கடைசியில் இரண்டாயிரம்கூட மிஞ்சுவதில்லை. 1,20,000 ரூபாய்க்கு நகை அடகில் இருக்கிறது. அதில் 60,000 பாரதத்தில் விழுந்த பற்றாக்குறைக்காகக் கணவர் வைத்தது. இப்போது நண்பர் ஒருவர் 3 லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். ஊர்க் காரியங்களை விட்டுவிட மனமில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, ஊர்க் காரியங்களை விடச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. கூத்து மேடைக்குப் பந்தல் போடவும், பாரதப் போர்க்களக் காட்சியான படுகளத்துக்குத் துரியோதனன் உருவம் செய்ய மண் குழைக்கவும், பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் யாராவது முன்னால் நின்றால்தான் ஊர் ஊராக இருக்கும். உங்கள் குடும்பம் அப்படி நிற்கிறது. அதில் எனக்கு மரியாதை உண்டு. என் கவலை நீங்கள் கொடுப்பதைப் பற்றியது அல்ல, கொடுப்பதற்குக் கணக்கு இல்லாததைப் பற்றியது.

நீங்கள் இணைத்து அனுப்பிய ஆறு மாதச் செலவுத் தாளைக் கூட்டிப் பார்த்தேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் விழாவுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரியும் கோயில் உபயமும் 18,000. மொய் 26,500. பள்ளிக்கு 10,000. கபடிப் பரிசுக்கு 5,000. மகளிர் குழுவில் இரண்டு பேருடைய தவணையை நீங்களே கட்டியது 8,400. டீ, சாப்பாடு, அலைச்சல் 6,100. மொத்தம் 74,000. மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். உங்கள் இருவர் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வீட்டுக் கடன் தவணை 14,500. அதையும் மளிகை, மகனின் பள்ளிக் கட்டணம், பெட்ரோல், மாமனார் மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 48,500 ஆகிறது. மீதம் இருக்கவேண்டிய 14,500 எங்கே போகிறது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பாரத வசூல் உங்கள் கணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பற்றாக்குறைக்கு நகையை வைத்தவர் வேறு எப்படி இருப்பார்? ஆனால் அந்தக் கணக்கில்தான் சம்பளமும் விழுகிறது, அதிலிருந்துதான் வீட்டுக் கடன் தவணையும் பிடிக்கப்படுகிறது. எது ஊர்ப் பணம், எது உங்கள் பணம் என்று ஆறு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. வருமான வரித் துறை கேட்டாலும் விளக்க வேண்டியவர் அவர்தான். சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் செலுத்தினால், வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அளவுக்கு ஊர் வசூல் போகாது என்று நினைக்கலாம்; தேர் செய்ய, கோபுரம் கட்ட என்று ஆரம்பித்தால் போய்விடும். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு நாளை ஏதாவது நேர்ந்தால், கோயில் பணம் எவ்வளவு என்று நான்கு பேர் வந்து உங்களிடம்தான் கேட்பார்கள். துக்க வீட்டில் ஒரு பெண் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

அடுத்த வசூலுக்கு முன் விழாக் குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். குழுவின் தீர்மான நகலையும் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், மேற்கொண்டு என்னென்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். ரசீதுப் புத்தகம் அச்சடித்து, வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கூத்தாடும் குழுவான ஜமாவுக்குப் பேசிய தொகை, பந்தல், ஒலிபெருக்கி, அன்னதானம் என்று முதலிலேயே திட்டம் எழுதிவிட்டால், பற்றாக்குறை என்ற பேச்சு பதினெட்டாம் நாள் இரவில் வராது.

மகளிர் குழு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இந்தச் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கப்பட்டது உங்கள் மண்ணில்தான். தருமபுரி மாவட்டத்தில் அவை தொடங்கின; உங்கள் கிருஷ்ணகிரி அப்போது அந்த மாவட்டத்தில்தான் சேர்ந்திருந்தது. தவணை கட்ட முடியாதவரின் கஷ்டத்தைக் குழுவாக உட்கார்ந்து பேசித் தீர்ப்பது அந்த ஏற்பாட்டின் உயிர். குழுவை நடத்தும் ஊக்குநர் தன் பையிலிருந்து சத்தமில்லாமல் கட்டிவிட்டால், யாருக்கு என்ன கஷ்டம் என்று குழுவுக்குத் தெரியாமலே போகிறது. அடுத்த மாதமும் அந்தப் பெண் உங்களைத்தான் பார்ப்பாள். கூட்டத்தில் வையுங்கள். குழுச் சேமிப்பிலிருந்து சிறு கடனாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நீங்கள் கட்டிய 8,400ஐயும் அப்படியே பதிவு செய்து, சிறுகச் சிறுகத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மொய்யைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அது பாதி கடன், பாதி உறவு. ஆனால் விசேஷத்துக்குப் புறப்படும் முன் பழைய மொய் நோட்டைப் புரட்டுங்கள். அவர்கள் நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வது முதல் கடமை. புதிதாகச் செய்வது உங்கள் விருப்பம். அங்கே கையைச் சுருக்கலாம். மகளின் காதணி விழாவில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்து அந்த விழாவைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

இனி மாதம் 5,000 ரூபாய் ஊர்ச் செலவுக்கு என்று சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். வரி, உபயம், மொய், பள்ளி, கபடி எல்லாம் அதற்குள்தான். வருடத்துக்கு 60,000, குறைவான தொகை இல்லை. அது தீர்ந்துவிட்ட மாதத்தில் உடலுழைப்பைக் கொடுங்கள், பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

மீதி 9,500இல் 3,000 அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் போகட்டும். அவசரத் தேவைக்கு இப்போது உங்களிடம் ஒரு ரூபாயும் இல்லை. 2,000 மகளுக்குச் செல்வமகள் சேமிப்பில். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், 15 ஆண்டு செலுத்த வேண்டும், கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிர்கிறது. 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. காலாண்டுதோறும் அரசு மாற்றக்கூடும் என்பதால் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1,500 கணவரின் டேர்ம் இன்சூரன்ஸுக்கு, அதாவது குறித்த காலத்துக்குள் அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீட்டுக்கு. கிருஷ்ணகிரி வரை பைக், அங்கிருந்து ஷிஃப்ட் பஸ் என்று தினமும் போய்வருகிறவருக்கு ஒரு பாலிசியும் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் பதறியது. அவருடைய பத்து ஆண்டுச் சம்பளம் 55 லட்சம், வீட்டுக் கடனில் பாக்கி 11 லட்சம்; இரண்டும் சேர்ந்து 66 லட்சம், கொஞ்சம் கூட்டி 75 லட்சத்துக்கு எடுங்கள். தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. இதை இந்த மாதமே செய்யுங்கள், மற்றவை பத்து நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

மிச்சம் 3,000 நகைக் கடனுக்கு. மாந்தோப்புக் குத்தகையில் வருடம் 70,000 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை நம்பி எந்த மாதச் செலவையும் ஏற்றாதீர்கள். 2025 சீசனில் பெங்களூரா ரக மாங்காய் விலை சரிந்து தோப்புக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? வருகிற வருடம் வந்ததை அப்படியே கொண்டுபோய் நகைக் கடனில் கட்டுங்கள். புதுத் துணிமணிக்குத் தீபாவளி போனஸ் இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்து வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் நண்பரைத்தான் கேட்பார்கள் என்று எண்ண வேண்டாம். வங்கி நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். நண்பரிடம் உங்கள் கணவர் நேரில் போய், அடகு நகையைச் சொல்லியே மறுக்கட்டும். உண்மையான காரணம் அது, நட்பும் நிற்கும்.

கடைசியாக அந்த 60,000. பாரதம் முடிந்து கணக்குப் படிக்கும் கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்கிறீர்கள். கணவர் தயங்குவார், சாமி காரியத்துக்குக் கொடுத்ததைக் கேட்பதா என்பார். அது காணிக்கை அல்ல, கைமாற்று. அடகுச் சீட்டின் நகலையும் செலவு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போகட்டும். விழாக் குழு பொருளாளருக்குத் தரவேண்டியது 60,000 என்று தீர்மானத்தில் எழுதி வாங்கட்டும். அடுத்த வருட வசூலில் முதல் செலவாகத் திருப்பித் தந்தாலும் சரி, தலைக்கட்டு வரி பாக்கி வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வாங்கித் தந்தாலும் சரி. அந்தத் தொகையும் ஒரு வருடக் குத்தகைப் பணமும் சேர்ந்தால் உங்கள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.