மீன் மேல் பரப்பிய ரொட்டித்தூள் நமுத்துப் போவது ஏன்?

கேள்வி: அம்மா, நான் புதுச்சேரிக்கு மருமகளாக வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவரின் பெரியம்மா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முள் நீக்கிய வெள்ளை மீன் துண்டுகளின் மேல் ரொட்டித்தூளும் பச்சிலைகளும் பரப்பி ஓவனில் சுட்டுத் தருவார்கள். மேலே அப்பளம் போல நொறுங்கும். உள்ளே மீன் இதழ் இதழாகப் பிரியும். நான் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் தூள் நமுத்துப்போய் மீனோடு ஒட்டிக்கொள்கிறது; சிவக்கட்டும் என்று காத்திருந்தால் மீன் சக்கையாகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: தூள் சிவக்கக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான் நேர்ந்திருக்கிறது. மீன் துண்டின் நடுச்சதை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே வெந்துவிடுகிறது. பாதுகாப்பு கருதி 63 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சூடு ஏற ஏறச் சதை சுருங்கித் தன் சாற்றைத் தானே பிழிந்து வெளியே தள்ளுகிறது. துண்டின் ஓரங்களில் வெள்ளையாகத் திரண்டு நிற்பது அந்தச் சாற்றிலுள்ள புரதம்தான். ரொட்டியோ 140 டிகிரியை நெருங்கும்போதுதான் நன்றாகச் சிவக்கத் தொடங்கும், அதில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டவும் தாண்டாது. வறுக்காத தூளை ஈர மீனின் மேல் பரப்பி இரண்டையும் ஒரே நேரத்தில் வேகவிட்டால், கீழிருந்து எழும் ஆவி முழுவதும் தூளுக்குள் போய்த் தங்கும். அந்த ஈரம் வற்றி ரொட்டி சிவப்பதற்குள் மீன் பஞ்சாகிவிடும்.

ஆகவே தூளைத் தனியாக வறுத்த பிறகே மீனின் மேல் ஏற்ற வேண்டும். அகலமான வாணலியில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதன் நுரை அடங்கிய பின் 75 கிராம் ரொட்டித்தூளைப் போட்டு, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு. நுரை அடங்குவது அந்தத் தண்ணீர் போய்விட்டதற்கு அடையாளம். தூள் கரண்டியில் ஒட்டாமல் மணல் போல உதிர்ந்து, வெளிர்ப் பொன்னிறத்துக்கு வந்ததும் இறக்கித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். மீதி நிறம் ஓவனில் ஏறிக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகுதான் பொடியாக நறுக்கிய இலை, துருவிய இரண்டு பூண்டுப் பற்கள், எலுமிச்சையின் மேல்தோல் துருவல், உப்பு, மிளகு ஆகியவற்றைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் இலை வதங்கித் தண்ணீர் விட்டு, பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும்.

எந்த ரொட்டி என்பதும் சின்ன விஷயமன்று. நம் ஊர் ரொட்டிக் கடைகளில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் மட்டுமே ஆனது. சர்க்கரை சேர்த்த பால் ரொட்டியும் ரஸ்க்கும் உள்ளே காய்வதற்கு முன்பே மேலே கருகிவிடும். மீனோடு அந்த இனிப்பு சேரவும் சேராது. முந்தின நாள் மிஞ்சிய நீள ரொட்டியைப் பிய்த்து மிக்சியில் விட்டு விட்டு மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் போதும். ரவையைவிடப் பருமனாக, சிறிதும் பெரிதுமாக இருக்கட்டும். கடையில் விற்கும் பாக்கெட் தூள் மாவு போல நைசாக இருப்பதால், கொஞ்சம் ஈரம் பட்டாலும் பசையாகிவிடும். அதைக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் கடற்காற்றுக்கு வறுத்த தூளும் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும் என்பதால், ஆறியதும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

இனி மீனுக்கு வருவோம். தலா 150 கிராம் எடையுள்ள நான்கு துண்டுகளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். அதை ஒரு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அலசிய கையோடு சொட்டச் சொட்டத் தட்டில் அடுக்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வறுவலுக்கு மசாலா பிடிக்கிறது என்று அதை விட்டுவிடலாம், இதற்கு ஆகாது. பிறகு துண்டின் மேற்புறத்தில் மட்டும் பிரெஞ்சுக் கடுகு விழுதை அரைத் தேக்கரண்டி அளவு மெல்லத் தடவி, அதன் மேல் தூளை அழுத்தாமல் குவியுங்கள். அழுத்தினால் ஆவி வெளியேற வழி இருக்காது.

ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின் ஓவனை 200 டிகிரியில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, கால் மணி நேரம் முன்சூடு செய்யுங்கள். தட்டின் மேல் கம்பி வலையை வைத்து, அதில் மீனை அடுக்கி, மேல்பாதித் தட்டில் வையுங்கள். ஒரு அங்குலக் கனமுள்ள துண்டுக்கு 12 முதல் 14 நிமிடம் போதும். 10 நிமிடம் ஆனதும் கத்தி முனையை நடுவில் செருகிப் பாருங்கள்: இதழ்கள் தடையின்றி விலகி, நடுவில் மட்டும் கண்ணாடி போன்ற பளபளப்பு லேசாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விட்டு எடுத்துவிடலாம்.

நானும் முதல் முறை விருந்தினருக்காக இதைச் செய்தபோது, ஆறிவிடக் கூடாதே என்று அலுமினியத் தாளால் மூடி வைத்து, அரை மணி நேரத்துக்குப் பிறகு திறந்து பரிமாறினேன். தூள் உப்புமாவாகியிருந்தது. வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். மறுசோறு கேட்டது ரசத்துக்குத்தான்.

கேள்வி: இந்த வகைக் குறிப்புகளில் எல்லாம் காட், ஹேடக் என்றே எழுதியிருக்கிறது. நம் துறைமுகத்தில் அவை ஏது? வஞ்சிரத்தில் செய்யலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: காடும் ஹேடக்கும் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழ்பவை. கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை, பெரிய இதழ்கள், அடங்கிய வாசனை ஆகிய மூன்றுக்காகத்தான் அங்கே அவற்றை எடுக்கிறார்கள். இந்த மூன்றும் நம் கொடுவாவில் இருக்கின்றன. என் முதல் ஓட்டு அதற்குத்தான். கலவா அடுத்தது, சதை சற்று இறுகலாக இருப்பதால் சாறு வற்றுவது குறைவு. சங்கராவும் நன்றாக வரும், ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த மீனில் துண்டு மெல்லியதாகிவிடும். கிழங்கான் சுவையில் சிறந்ததுதான் என்றாலும், அது ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். அதை மிளகாய்த்தூளில் புரட்டி வறுப்பதே முறை.

வஞ்சிரம் வேண்டாம் என்பேன். அது எண்ணெய்ப் பற்றுள்ள, நெருக்கமான சதை. வட்டத் துண்டாக்கித் தோசைக்கல்லில் போடுவதற்கென்றே பிறந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, கடுகு விழுதுக்கும் ரொட்டித்தூளுக்கும் அடியில் அதை ஒளித்துவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வாங்கும் இடத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ஒன்றரை, இரண்டு கிலோ கொடுவாவை எடுத்து, செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “குறுக்கே வெட்டாதீங்க, நடுமுள்ளை ஒட்டி ரெண்டு பக்கமும் சதையா எடுத்துக் குடுங்க; தோலு இருக்கட்டும்” என்று மீன் அரியும் அக்காவிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குழம்புக்கான துண்டுதான் கிடைக்கும். தோல் அடியில் இருந்தால் துண்டு உடையாது. தலையையும் நடுமுள்ளையும் மறக்காமல் வாங்கி வாருங்கள். அன்றைய குழம்பு அதில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதபோதும் வளர்ப்புக் கொடுவா கிடைக்கக்கூடும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைச் சிறைப்பட்ட நிலையிலேயே முட்டையிடச் செய்ததிலிருந்து, அதன் குஞ்சுகளுக்குக் கடலை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. உறைந்த நிலையில் வரும் பாசா மீனும் வெள்ளைச் சதைதான். ஆனால் அது விடும் தண்ணீர் கொஞ்சநஞ்சமன்று. வேறு வழியில்லை என்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வடிதட்டின் மேல் வைத்து உருகவிட்டு, துணியால் அழுத்தித் துடைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: பார்ஸ்லி, தைம் என்ற இலைகளுக்குப் பதில் கொத்தமல்லி போடலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: போடலாம், ஆனால் கொத்தமல்லியின் வாசனை சூட்டில் சீக்கிரம் ஓடிவிடும். பார்ஸ்லியின் பச்சை நிறத்துக்கு மட்டும் அது ஈடு கொடுக்கும். தைமுக்கு உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே மாற்று இருக்கிறது. தைமுக்கு அந்த மணத்தைத் தரும் தைமால் என்ற பொருள் ஓமத்திலும் உண்டு, கற்பூரவள்ளி இலையிலும் உண்டு. குழந்தைகளின் சளிக்குச் சாறு பிழிகிறோமே, அந்த இலைதான். அதன் சதைப்பற்றான இலையில் தண்ணீர் அதிகம் என்பதால், இரண்டே இலையைப் பொடியாக அரிந்து, தூள் வறுபடும்போதே வெண்ணெயில் போட்டு ஈரம் போக வதக்குங்கள். சோம்பல்பட்டால் கால் தேக்கரண்டி ஓமத்தைக் கசக்கிப் போடுங்கள்; அதற்கு மேல் போனால் பிரசவ மருந்து வாசனை வந்துவிடும். திருநீற்றுப்பச்சையும் இத்தாலியர்கள் பயன்படுத்தும் பேசிலும் ஒரே இனச் செடி. நாலைந்து இலையைக் கிள்ளிக் கடைசியில் கலக்கலாம். கறிவேப்பிலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பொடியாக அரிந்து தூளோடு வறுத்தால் அது தரும் மொறுமொறுப்பை பார்ஸ்லி தராது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை, மைக்ரோவேவ் மட்டுமே இருக்கிறது. மாமியாருக்குக் கவிச்சி வாடை வேறு ஆகாது.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சாதாரண மைக்ரோவேவ் மீனை வேகவைக்கும், தூளைச் சிவக்கவைக்காது. அதைவிட, மூடி போட்ட தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தடவி, மீனைத் தோல்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, சிறு தீயில் எட்டு நிமிடம் வேகவிடுங்கள். மூடியைத் திறந்து, மீனைத் தட்டுக்கு மாற்றிய பிறகு, தனியாக வறுத்து வைத்த தூளை மேலே தூவிப் பரிமாறுங்கள். கவிச்சிக்கு எலுமிச்சைச் சாற்றை முன்னதாகப் பிழிந்து ஊறவைக்காதீர்கள்; புளிப்பு சதையை இறுக்கித் தண்ணீர் விடச் செய்யும். உப்பு போட்டு ஒற்றி எடுக்கும் நீரோடு வாடையில் பெரும்பகுதி போய்விடும். மாமியாரின் மனத் திருப்திக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை தடவலாம், தோல்பக்கத்தில் மட்டும். எலுமிச்சைத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுங்கள், அவரவர் பிழிந்துகொள்ளட்டும்.