பழைய சவுத் பெண்ட் லேத் எந்த மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடல் என்பது லேத்தின் அளவும் அதில் உள்ள வசதிகளும் சேர்ந்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் தயாரான சவுத் பெண்ட் 9 அங்குல லேத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ஏ, பி, சி என்று 3 மாடல்கள். முன்னால் நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். லீவர் வைத்த கியர்பாக்ஸ் இருந்தால் ஏ. கியர்பாக்ஸ் இல்லாமல், டூல் குறுக்கே தானாக நகரும் வசதி மட்டும் இருந்தால் பி. இரண்டும் இல்லையென்றால் சி.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால், சி மாடலில் பின்னாளில் கியர்பாக்ஸ் மாட்டியவர்கள் உண்டு. வண்டிக்கு இன்ஜினை மாற்றினாலும் சேஸிஸ் அதேதானே? இங்கே பெட்தான், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நீளமான இரும்பு அடித்தளம்தான், சேஸிஸ். டெயில் ஸ்டாக் (கடையும் பொருளின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) இருக்கும் பக்கக் கடைசியில், பெட்டின் மேலே, முன்பக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே வரிசை எண் குத்தியிருக்கும். பழைய கிரீஸ் இறுகி அதை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் ஒவ்வொரு இலக்கமாகத் தெளியும். தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். தேய்ந்த எண் திரும்ப வராது. தயாரான ஆண்டை அந்த எண்ணை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

அப்புறம், வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்தும் எண்ணும் மாடல் எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த ஒரு பாகத்தின் வார்ப்பு எண் மட்டுமே.