குச்சி தீர்ந்தது யார் குற்றம்?

கே: அண்ணாச்சி, ஆற்றங்கரையில் சமைக்க 20 கிலோ விறகு வாங்கிப் போனோம். ஒரு பெட்டிக் குச்சியும் காலி. விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

ப: உரசியதும் குச்சி பற்றியதா? பற்றியது என்றால் கம்பெனி மேல் குற்றமில்லை. உங்களை ஏமாற்றியவர் விறகு விற்றவர். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும். அதைத் தராசில் வைத்து விற்பது, தண்ணீரை விறகு விலைக்கு விற்பது. இந்தப் புகார் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்வரை கட்டையின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மரம் பற்றிக்கொள்ள 300 டிகிரி அளவுக்காவது சூடு வேண்டும். எத்தனை குச்சி கிழித்தாலும் அங்கே போய்ச் சேராது.

தராசில் ஏற்றும் முன் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், பச்சை சொத்தென்று கேட்கும். வெட்டுவாயில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழல வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவும் இருக்கும். அதனால் ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பிளக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கே: ஆடிக் காற்று. கையில் ஐந்தே குச்சி. எப்படிப் பற்றவைப்பது? (வள்ளியூர்)

ப: எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராகும்வரை முதல் குச்சியை எடுக்காதீர்கள். கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து, ஒரு கைப்பிடி தும்பு (நார்) பிய்த்து, பஞ்சுபோல உதிர்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுருட்டினால் காற்று புகாமல் கருகும். தீக்குச்சி கனத்தில் சுள்ளி இரண்டு கைப்பிடி, பென்சில் கனத்தில் இரண்டு கைப்பிடி, பிறகு கட்டைவிரல் கனம். தும்புக்குள் இரண்டு கட்டிச் சூடம்.

காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். உரசியதும் குச்சியின் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்து, இரு கையாலும் மறையுங்கள். முதலில் சீறுவது மருந்துதான். அது நின்று மரக்குச்சி எரியத் தொடங்கிய பிறகே சூடத்திடம் கொண்டுபோங்கள். பலர் குச்சியை வீணாக்குவது இந்த இரண்டு விநாடி அவசரத்தில்தான். காற்று வரும் பக்கம், அடியில் பற்றவைத்தால் காற்றே சுவாலையைச் சுள்ளிக்குள் தள்ளும். சுள்ளி சடசடக்கும் முன் பெரிய கட்டையை வைத்தால் அமுங்கி அணையும்.

அடுத்த வேளைக்குக் குச்சி வேண்டாம். எரிந்த கட்டையின் தணலைச் சாம்பலால் மூடி வையுங்கள். பிறகு கிளறி, தும்பு வைத்து ஊதினால் போதும். பெட்ரோலைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி, நீங்கள் குனியும் முன்பே பற்றும்.

கே: ஆன்லைனில் வாங்கிய நெருப்புக்கோலில் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் கோல்) பொறியே வரவில்லை. (பாளையங்கோட்டை)

ப: கோலின் மேலிருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டினீர்களா? அது போனால்தான் பொறி வரும். கத்தியின் முதுகு விளிம்பு கூர்மையாக இருந்தால் அதால் அழுத்தி, மெதுவாகச் சுரண்டுங்கள். அப்படியும் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். 8 மி.மீ. தடிமனுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். அப்படியொரு மெல்லிய கோலில் நானும் பணத்தை விட்டிருக்கிறேன், சீக்கிரமே ஒடிந்துபோனது. நல்ல கோலானாலும், நமுத்த தும்பில் பிடிக்காது.

கே: சாரலில் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டி நனைந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

ப: அவர் ஏன் தர வேண்டும்? நனைத்தது நீங்கள். குச்சி காய்ந்தாலும், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிவப்புப் பாஸ்பரஸ் பூச்சு ஊறி உரிந்திருந்தால் உரசப் பயனில்லை. அடுத்த முறை மூடி இறுகும் சின்ன டப்பாவில் போடுங்கள்.

கே: கோயில் கொடைத் திருவிழாவில் 2 ரூபாய்த் தீப்பெட்டிக்கு 5 ரூபாய் வாங்கினார்கள். மூன்று ரூபாய்க்குப் புகாரா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ப: கட்டாயம் கொடுங்கள். 2021 டிசம்பரில்தான் தீப்பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ஆனது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் குற்றம். பெட்டியையும் கடையையும் படமெடுத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் பிடுங்கிய காசு அது.

கே: முண்டந்துறைக் காட்டுக்குள் அடுப்பு மூட்ட எந்த விறகு நல்லது?

ப: எதுவும் இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் தீ மூட்டக் கூடாது. சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.