கைவேலைக் கேள்வி - பதில்: ஆய்வேட்டுக்கு நடுவே பரிசுப் பின்னல்

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் முதுமாணி படிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு டிசம்பர் தொடக்கத்தில் குழந்தை பிறக்கப் போகிறது. குழந்தைக்கு 80 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு போர்வை, ஒரு தொப்பி, அத்தானுக்கு ஒரு மஃப்ளர் என்று மூன்றும் பின்னித் தருவதாகச் சொல்லிவிட்டேன். இப்போது ஆகஸ்ட் நடுப்பகுதி. ஒக்டோபரில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். முடியுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூன்றும் முடியாது. மஃப்ளரை இப்போதே கைவிடுங்கள். மற்ற இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வேகம். கடிகாரத்தை வைத்துப் பத்து நிமிடம் பின்னி, கண்ணிகளை (பின்னலின் ஒவ்வொரு வளையத்தையும்) எண்ணுங்கள். நிமிடத்துக்கு 20 கண்ணி என்பது பழகிய கைக்கு நிதானமான வேகம். கீழே உள்ளதெல்லாம் அந்த வேகத்துக்கான கணக்கு.

டீ.கே. எனப்படும் நடுத்தரத் தடிப்பு நூலில் 4 மில்லிமீற்றர் ஊசியால், ஒரு வரிசை நிற் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பேர்ள் (மறுகண்ணி) என்று பின்னினால் 10 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 22 கண்ணி, 28 வரிசை வரும். ஆனால் அந்தப் பின்னலில் போர்வை போட்டால் ஓரம் சுருண்டுவிடும். அதனால் எல்லாரும் இரு பக்கமும் நிற் போடுகிறார்கள். இதுதான் சுலபமான பின்னல், நேரத்தைத் தின்பதும் இதுதான். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி உட்காருவதால் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 44 வரிசை வேண்டும். 80 சென்ரிமீற்றர் சதுரம் என்றால் 176 கண்ணி, 352 வரிசை. மொத்தம் 61,952 கண்ணி. 51 மணித்தியாலத்துக்கு மேல்.

உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? பொதி போய்ச் சேர மூன்று கிழமையாவது விட்டால், நவம்பர் நடுவில் வேலை முடிய வேண்டும். அது 13 கிழமை. ஆய்வேடு கொடுக்கும் நாட்களுக்கு மூன்று கிழமையைக் கழியுங்கள். மிச்சம் பத்துக் கிழமை, கிழமைக்கு நான்கு மணித்தியாலம் என்றால் 40. பிரித்துப் பின்னுவது, நூல் நுனிகளைச் செருகுவது, கழுவிக் காயவைப்பது எல்லாம் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். கையில் நிற்பது 26 மணித்தியாலம்தான்.

ஆகவே போர்வையைச் சிறிதாக்கி, நூலைத் தடிப்பாக்குங்கள். ஏரன் தடிப்பு நூலில் 5 மில்லிமீற்றர் ஊசியால் இரு பக்கமும் நிற் போட்டால் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி, 36 வரிசை. 60 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 108 கண்ணி, 216 வரிசை. 23,328 கண்ணிக்கு இருபது மணித்தியாலம் போதும். தள்ளுவண்டியில் பிள்ளையின் மடிமேல் போட இந்த அளவு தாராளம். நூல் 300 கிராம் வாங்குங்கள்.

தொப்பியைப் பிறந்த குழந்தையின் அளவில் பின்னாதீர்கள். அப்போது தலைச்சுற்று 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். சில கிழமைகளிலேயே தொப்பி சின்னதாகிவிடும், குளிரோ மார்ச் வரை போகாது. மூன்று முதல் ஆறு மாதப் பிள்ளைக்கு 42 சென்ரிமீற்றர் என்று வைத்து, தொப்பியை 38ஆகப் பின்னுங்கள், இழுபட்டுப் பிடிக்கும். டீ.கே. நூலில் 84 கண்ணி. 40 சென்ரிமீற்றர் வட்ட ஊசியில் (இரண்டு குட்டை ஊசிகளை ஒரு வயர் இணைக்கும்) இது விறைத்து நிற்கும். 80 சென்ரிமீற்றர் ஊசியை எடுத்து, நடு வயரை ஒரு பக்கமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னுங்கள். வட்டமாக இணைக்கும் முன் அடி ஓரம் சுற்றிலும் கீழ்ப்பக்கமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் முறுகியிருந்தாலும் பிறகு திருத்த வழியில்லை, முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான்.

முதல் 3 சென்ரிமீற்றர் ரிப், அதாவது நிற்றும் பேர்ளும் மாறி மாறி வரும் இழுபடும் ஓரம். மொத்த உயரம் 13 ஆனதும் 84ஐ 12 கண்ணி கொண்ட ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கடைசி இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஐந்து தடவை, பிறகு விடாமல் ஆறு தடவை. ஏழு கண்ணி மிஞ்சும். நூலை அவற்றினூடே இழுத்து முடியுங்கள். 50 கிராம் நூல் போதும், மூன்று மணித்தியால வேலை.

சாதாரண ஆட்டுக் கம்பளி நூல் வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லாம் மெஷினுக்குள்தான் போகும். சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் கசங்கும்போது கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவி, துணி சுருங்கித் தடித்துவிடும். அக்கிரிலிக், அல்லது மெஷினில் கழுவலாம் என்று லேபிளில் போட்ட கம்பளி வாங்குங்கள். தொப்பிக்கு நாடா, குஞ்சம் வேண்டாம். தொப்பியோடு பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் தையல் சாமான் கடையில் வாங்கிய நூலுக்கு லேபிளே இல்லை. தடிப்பையும் நூலின் வகையையும் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அடிமட்டத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு, இறுக்காமல், இடைவெளி விடாமல் நூலைச் சுற்றுங்கள். 11 முதல் 14 சுற்று வந்தால் டீ.கே. ஒன்பது அளவில் வந்தால் ஏரன். வகையை அறிய ஒரு சிறு துண்டைக் குறட்டில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் மணத்தோடு தானே அணையும். அக்கிரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கட்டியாகும். லேபிள் இல்லாத நூலில் சாய இலக்கமும் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல் எது என்று காட்டும் எண்) இராது. தேவையானதை ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்குங்கள். பிறகு வாங்க நேர்ந்தால் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நிற வேறுபாடு கோடாகத் தெரியாது.

கேள்வி: கொழும்பு வெக்கைக்கு ஏற்றது என்று பருத்தி நூலில் தொப்பி பின்னினேன். இரண்டு தடவை கழுவியதும் ரிப் தளர்ந்து தொப்பி கண்ணை மூடுகிறது. ஏன்?
- வாசகி, தெஹிவளை

பதில்: பருத்திக்கு மீளும் தன்மை குறைவு. ஈரத்தில் பாரமும் கூடும், தொங்கவிட்டுக் காயவைத்தால் அந்தப் பாரமே இழுத்து நீட்டிவிடும். அடுத்த தடவை ரிப்புக்கு மட்டும் வழக்கமான ஊசியைவிட ஒரு மில்லிமீற்றர் சிறியதை எடுங்கள், கண்ணிகளில் பத்தில் ஒன்றைக் குறையுங்கள். இப்போதுள்ள தொப்பியைக் காப்பாற்ற, ரிப்பின் உட்பக்கத்தில் மெல்லிய இலாஸ்ரிக் நூலை மூன்று சுற்று கோர்த்தால் போதும். கண்ணிக் கணக்குப் பார்க்க முதலில் பின்னும் அளவுத் துண்டைப் பின்னும்போதும் அதைக் கழுவிக் காயவைத்த பிறகே அளந்து பாருங்கள்.

கேள்வி: பஸ்ஸில் பின்னலாமா? பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்தால் எந்த வரிசையில் விட்டேன் என்றே தெரிவதில்லை.
- ஆய்வு மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: இருக்கை கிடைத்தால் பின்னலாம். நீண்ட நேர் ஊசி பக்கத்தில் இருப்பவரின் விலாவில் குத்தும், வட்ட ஊசிதான் சரி. எண்ணத் தேவையில்லாத பின்னல் மட்டும் பையில் இருக்கட்டும். பூப்பின்னல், கண்ணி குறைக்கும் இடம் எல்லாம் வீட்டுக்கு.

நிறுத்தும்போது வரிசையை முடித்துவிட்டே வையுங்கள். நடு வரிசையில் விட்டால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பது குழம்பும், இரண்டு ஊசிகளின் கனமும் ஒரே இடத்தில் தொங்கிக் கண்ணியை நீட்டும். பத்து வரிசைக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். பூப்பின்னல் என்றால் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் அன்று, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய நூலைக் கோர்த்து விடுங்கள். பிறகு பிழைத்தால் அந்த நூல்வரை துணிந்து பிரிக்கலாம். எந்த ஊசி அளவு, எத்தனையாவது வரிசை என்று ஒரு துண்டில் எழுதி அதே பைக்குள் போடுங்கள். வீட்டில் இன்னொரு வேலைக்கு ஊசியை உருவி எடுத்துவிட்டால் அளவை நினைவுபடுத்துவது பெரும்பாடு.

கேள்வி: பகல் முழுக்கத் தட்டச்சு, இரவில் பின்னல். வலது மணிக்கட்டு நோகிறது.
- வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: இரண்டும் ஒரே தசைநாண்களுக்குத்தான் வேலை கொடுக்கின்றன. நிறைய எழுதிய நாளில் பின்ன வேண்டாம். மற்ற நாட்களில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். கை வியர்க்கும் காலத்தில் மூங்கில் ஊசியில் நூல் ஒட்டும், தள்ளத் தள்ள மணிக்கட்டு இறுகும்; உலோக ஊசியில் வழுக்கிப் போகும். பாரமான போர்வையைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மடியில் தலையணை வைத்து அதன்மேல் கிடத்துங்கள். விரல் மரத்தாலோ, இரவில் நோவு எழுப்பினாலோ, பின்னலை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.